திருத்தம் எத்தனை மணிக்கு வரும்?

மெக்கானிக்கல் டிராஃப்ட்ஸ்மேன் வேலையை, அதாவது மெஷின் பாகங்களுக்கு அளவோடு படம் வரைகிற வேலையை, வைத்துக்கொண்டு ஊரோடு, பிள்ளைகளோடு இருக்க முடியுமா என்று போன மாதம் மட்டும் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் தக்கலைக்காரர், ஓசூரில் வேலை. இன்னொருவர் மார்த்தாண்டத்துத் தங்கை, குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு ஒன்றரை வருஷமாக வீட்டில் இருக்கிறாள். போனில் ஏதோ அவசரமாகச் சொன்னேன். வைத்த பிறகுதான் முக்கியமானதை விட்டுவிட்டோமே என்று உறுத்தியது. அதனால் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன்.

2006-இல் டிப்ளமோ முடித்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஐந்தரை வருஷம், அப்புறம் கோயம்புத்தூரில் ஆறு வருஷம். ஆட்டோகேட் என்கிற வரைபட மென்பொருளில் ஆரம்பித்து சாலிட்வொர்க்ஸுக்கு வந்தவன். ஷீட் மெட்டல் (தகட்டு வேலை), ஃபேப்ரிகேஷன் (வெட்டி, வளைத்து, வெல்ட் பண்ணுவது), கன்வேயர் (பொருளை நகர்த்திக்கொண்டு போகும் மெஷின்) என்று பாகம் பாகமாக டிராயிங் போடுகிற டீடெயிலிங்தான் பெரும்பாலும். மனைவி நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் இரணியல் பக்கம், அங்கே அம்மாவும் மகளும். மாதத்துக்கு இரண்டு முறை வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறி வருவேன், ஞாயிறு ராத்திரி திரும்புவேன். 2017 நவம்பர் 30 வரை இது பெரிய குறையாகவே தெரியவில்லை.

அன்றைக்குத்தான் ஒக்கி புயல். காலையில் மனைவி போனில் பேசினாள். "அத்தான், இங்க காத்து ஒரு மாதிரி அடிக்கு. பாப்பாவ அம்மாட்ட விட்டுட்டு டூட்டிக்கு வந்துட்டேன்." அதற்கப்புறம் யாருக்கும் போன் போகவில்லை. அம்மாவுக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்கு இல்லை, மருத்துவமனைக்கும் இல்லை. நான் அப்போது ஒரு ஹாப்பர் (பொருளைக் கொட்டும் தொட்டி) டிராயிங்கை நான்காவது முறையாகத் திருத்திக்கொண்டிருந்தேன். பட்டறைக்கு ரிலீஸ் பண்ணிவிட்டுக் கிளம்பு என்றார்கள், பண்ணினேன். வெள்ளிக்கிழமை காலை பையைத் தூக்கும்போது ஐந்தாவது திருத்தம் வந்தது, ஒரு ஃபிளேஞ்சின் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) துளை வட்டம் மாறியிருந்தது. அதையும் முடித்துவிட்டு மத்தியானம்தான் கிளம்ப முடிந்தது. கிடைத்த பஸ்ஸில் ஏறி, மாறி மாறி, சனிக்கிழமை விடியும்போது ஊருக்கு வந்தேன். வழியெல்லாம் ரப்பரும் தென்னையும் முறிந்து கிடந்தன. எங்கள் வீட்டுச் சாய்ப்பின் மேல் பலாமரம் விழுந்து ஓடெல்லாம் நொறுங்கியிருந்தது. அம்மா மகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்தாள். மனைவிக்கு மாற்று ஆள் வர முடியாததால் இரண்டு நாளாக வார்டிலேயே இருந்திருக்கிறாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஐந்தாவது திருத்தத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. யார் மேலும் கோபம் இல்லை. ஷாப்பில், அதாவது பாகம் செய்கிற பட்டறையில், பிளேட் வெட்டத் தயாராக இருந்தது, அவர்களுக்கு அது தேவைதான். வீட்டுக்கும் எனக்கும் நடுவில் நின்றது தூரம் மட்டும் இல்லை என்று மட்டும் அன்றைக்குப் புரிய ஆரம்பித்தது.

2018 பிப்ரவரியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன். மூன்று மாத நோட்டீஸ். இந்த இடத்தில் பண விஷயம் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் பலர் இதில் அவசரப்படுகிறார்கள். ஒரே கம்பெனியில் ஐந்து வருஷம் தாண்டியிருந்ததால் எனக்கு கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. அப்போதைய கணக்கு சுலபம்: கடைசி அடிப்படைச் சம்பளத்தை (பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து வருஷத்தால் பெருக்க வேண்டும். என் அடிப்படை 19,000, ஆறு வருஷம், ஏறக்குறைய 65,770 ரூபாய் வந்தது. நாலு வருஷம் முடித்த கையோடு கோபத்தில் பேப்பர் போடுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். அப்புறம் பி.எஃப். நானும் மொத்தமாக எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அக்காதான் தடுத்தார். இரண்டு கம்பெனியின் வருஷங்களும் ஒரே யு.ஏ.என்.-இல் (பி.எஃப். எண்) சேர்ந்தால் பத்து வருஷம் தாண்டிவிடும், தாண்டினால் 58 வயதில் மாதப் பென்ஷனுக்குத் தகுதி வந்துவிடும், பழைய கணக்கை முதலில் மாற்றிக்கொள் என்றார். அம்பத்தூர் கணக்கைப் புதியதோடு சேர்க்க நாலு மாதம் அலைந்தேன். அலைந்தது வீண் இல்லை.

சரி, ஊருக்கு வந்தாயிற்று. ஜூனில் திருவனந்தபுரத்தில் ஒரு மெஷினிங் கம்பெனியில் சேர்ந்தேன். நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர் செய்வதுதான், காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் வருவது. இரணியலில் ஏறினால் பள்ளியாடி, குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை. தூரம் 60 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அப்போது ஒற்றைத் தடம், எதிர்வண்டிக்காக எங்கேயாவது நிறுத்திப் போட்டுவிடுவார்கள். காலை ஆறேகாலுக்கு வீட்டை விட்டால் திரும்ப எட்டரை ஆகும். மகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது போவேன், தூங்கப் போகும்போது வருவேன். ஒன்பது மாதம் தாக்குப்பிடித்தேன்.

ஆனால் என் வேலை வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் அந்த ஒன்பது மாதத்தில்தான் கிடைத்தது. அங்கே செக்கர், அதாவது டிராயிங்கைச் சரிபார்க்கிறவர், ஒருவர் இருந்தார், ஓய்வு பெறும் வயதில். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும்தான் டிராயிங் பார்ப்பார். சிவப்புப் பேனாவால் பிரிண்டில் குறித்து மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் நம் மேஜையில் வைத்துவிடுவார். மத்தியானம் திருத்தி நாலு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். நாலு மணிக்கு மேல் புதிதாக ஒரு திருத்தத்தையும் யாரிடமும் கொடுக்க மாட்டார், அவசரம் என்று மெஷின் ஷாப்பிலிருந்து ஆள் வந்தாலும். "நாலு மணிக்கு மேல வர்ற திருத்தத்துல பாதி, ராத்திரி தூங்கி எழுந்தா தேவையே இல்லாமப் போயிரும்" என்பார். அது உண்மை. அந்த ஒன்பது மாதத்தில் ஒரு நாள்கூட நான் ஐந்து மணிக்கு மேல் மேஜையில் இருந்ததில்லை, வேலையும் பின்தங்கியதில்லை. கோயம்புத்தூரில் அதே அளவு வேலைக்கு ராத்திரி ஒன்பது வரை இருந்திருக்கிறேன்.

நம் தொழிலில் படம் போடுவதற்கு ஆகும் நேரத்தை முன்கூட்டியே கணக்குப் போட முடியும். ஒரு பாகத்தை மாடல் பண்ணி, வியூ வைத்து, அளவு போட்டு, டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது), வெல்டிங் சிம்பல் எல்லாம் போட்டு முடிக்க எவ்வளவு ஆகும் என்று அனுபவம் உள்ளவனுக்குத் தெரியும். தெரியாதது திருத்தம் எப்போது வரும் என்பது. அதுதான் சாப்பாட்டு நேரத்தில் வரும், பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போகிற நேரத்தில் வரும். சம்பளம், ஊர், வீட்டிலிருந்து வேலை என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இதைக் கேட்காமல் வேலையில் சேர்ந்தால், மற்ற மூன்றும் நன்றாக அமைந்தும் வீட்டில் சண்டைதான் இருக்கும். இதைத்தான் போனில் சொல்ல மறந்தேன்.

இதற்கு என் அடுத்த வேலையே சாட்சி. 2019 ஏப்ரலில் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்தது, மாதம் 45,000. அமெரிக்கக் கிழக்குப் பகுதி வாடிக்கையாளருக்கு டிராயிங். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ராத்திரி பதினொன்று. கேட்டவர்கள் எல்லாரும் கொடுத்துவைத்தவன் என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர்களுக்குக் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு மாலை ஆறரை. அவர்கள் வந்து உட்கார்ந்து, நாம் அனுப்பியதைத் திறந்து பார்த்து, திருத்தம் சொல்ல ஆரம்பிப்பது அப்போதுதான். அதாவது மகள் விளையாடிவிட்டு வந்து, கை கால் கழுவி, வீட்டுப்பாடத்தை எடுக்கிற நேரம். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், நமக்கு அது ஏழரை ஆகிவிடும், மார்ச்சில் மறுபடியும் ஆறரை. நவம்பரில் நான் அவளுக்குச் சோறு ஊட்டுவதும் நின்றுபோனது. சாய்ப்பில் மேஜை போட்டிருந்தேன், உடைந்த ஓட்டுக்குப் பதிலாகத் தகரம். மழை பெய்தால் தகரத்துச் சத்தத்தில் போனில் பேசுவது கேட்காது, கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போன் மாட்டிக்கொள்வேன். ஒருநாள் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டாள், "மக்களே, நீ வீட்டுல இருக்கியா, கம்பெனியில இருக்கியா? எனக்கு ஒண்ணும் வெளங்கல்ல. பிள்ள உன் கதவுக்கு முன்னால வந்து உறங்கிட்டு கிடக்கு." எழுந்து போய்ப் பார்த்தேன். நோட்டைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்திருந்தாள்.

கொரோனா வந்ததும் அது இன்னும் கடினமானது. மனைவிக்கு வார்டு டூட்டி, வந்தாலும் தனி அறை. மகளுக்கு நான்தான் எல்லாம். அந்த வருஷத்தை விரிவாக எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை. 2020 கடைசியில் அந்த ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிக்கக் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தூக்கம் கெட்டால் நம் வேலையில் என்ன ஆகும் என்பதற்கு அது சரியான உதாரணம். ராத்திரி வேலை போக, பகலில் நாகர்கோவிலில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைக்குச் சின்னச் சின்ன டிராயிங் போட்டுக் கொடுத்தேன். ஒரு பிராக்கெட், 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், எல் வடிவம், ஒரு பக்கத்தில் மட்டும் ஸ்லாட் (நீளத் துளை), 18 எண்ணம். ஒரு பாகத்தின் பக்கப் பார்வைகளைத் தாளில் எந்தப் பக்கம் வரைவது என்பதற்கு இரண்டு முறை உண்டு: அமெரிக்க வேலை எல்லாம் மூன்றாம் கோணம், இங்கே முதல் கோணம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாத டிராஃப்ட்ஸ்மேன் கிடையாது. இடப்பக்கத்துப் பார்வையை முதல் கோணத்தில் வலப்பக்கம் வரைவோம், மூன்றாம் கோணத்தில் இடப்பக்கமே வரைவோம். என் மென்பொருள் மூன்றாம் கோணத்திலேயே இருந்திருக்கிறது. டைட்டில் பிளாக்கில் (டிராயிங்கின் விவரக் கட்டம்) இருந்ததோ முதல் கோணக் கூம்புச் சின்னம். பட்டறையில் சின்னத்தைப் பார்த்து, அதன்படி சரியாகவே வளைத்துவிட்டார்கள். பட்டறை அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ." போய்ப் பார்த்தால் 18 பிராக்கெட்டும் கண்ணாடியில் தெரிவது போல ஸ்லாட் மறுபக்கம். அந்தத் தடிமனை ஒருமுறை வளைத்தால் திரும்ப நிமிர்த்தி வளைக்கக் கூடாது, வளைவில் விரிசல் விடும். மெட்டீரியல் காசில் பாதியை நான் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை, தவறு என்னுடையது. முந்தின ராத்திரி நாலு மணி நேரம்தான் தூங்கியிருந்தேன். அதற்கப்புறம் இரண்டு கோணத்துக்கும் தனித்தனி டெம்ப்ளேட், தனித்தனி ஃபோல்டர், பார்டருக்கே வேறு நிறம். இரண்டு இடத்து வேலையை ஒரே நாளில் தொடுவதில்லை என்பதையும் அன்றைக்கே முடிவு செய்தேன்.

2021-இலிருந்து ஒன்றே கால் வருஷம் முழுக்க உள்ளூர் வேலை. நம் மாவட்டத்தில் மெக்கானிக்கல் டிராயிங்குக்கு வேலையே கிடையாது என்று சொல்கிறவர்கள் தேடிப் பார்க்காதவர்கள். கோணம் தொழிற்பேட்டைப் பட்டறைகள், மார்த்தாண்டம் பக்கம் அண்டிப்பருப்பு (முந்திரி) ஃபேக்டரிகள், ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர், கயிற்றுத் தொழிலுக்குத் தேங்காய்த் தொண்டு அடிக்கும் மெஷின், குளச்சல் முட்டம் பக்கம் படகு ஷாஃப்ட் (சுழலும் தண்டு), முப்பந்தல் காற்றாலைகளுக்கு மாற்றுப் பாகம். பெரும்பாலும் டிராயிங்கே இல்லாத பழைய மெஷின், தேய்ந்த பாகத்தைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள், அதை அளந்து வரைய வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. தேய்ந்த ஷாஃப்டை அளப்பது ஒரு தனிப் பழக்கம். வெர்னியர் என்கிற அளவுக் கருவி காட்டுகிற அளவை அப்படியே எழுதினால் தேய்மானத்தையும் சேர்த்து வரைந்ததாகிவிடும். ஒரு ரோலர் ஷாஃப்ட் வந்தது, பேரிங் உட்காரும் இடத்தில் 39.7 மி.மீ. காட்டியது. கூடவே கழற்றிப் போட்டிருந்த பேரிங்கைத் துடைத்துப் பார்த்தால் 6308 என்று எண். அந்த எண்ணுக்கு உள்விட்டம் 40, வெளிவிட்டம் 90, அகலம் 23. ஆக ஷாஃப்டில் வரைய வேண்டியது 40, அதுவும் கே6 டாலரன்ஸில், பேரிங் இறுக்கமாக உட்காரும் அளவுக்கு. 39.7 என்று கொடுத்திருந்தால் புது ஷாஃப்ட் போட்ட மறுநாளே பேரிங் உள்ளே சுற்ற ஆரம்பித்திருக்கும். அளப்பதற்கு முன்னால் கூட வந்த பேரிங், ஆயில் சீல், கீ எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தூக்கிப் போட்டிருந்தால் குப்பையில் தேடச் சொல்லுங்கள். அளவு அதில்தான் இருக்கிறது.

காசுதான் பிரச்சினை. ஒரு ஷீட்டுக்கு 300 ரூபாய் பேசினால் கைக்கு வர இரண்டு மாதம். ஒரு மாதம் 28,000 வரும், அடுத்த மாதம் 9,000. பாதி முன்பணம் இல்லாமல் கோப்பை அனுப்பக் கூடாது என்று மிகத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். பி.டி.எஃப்.-ஐ மட்டும் முதலில் அனுப்பி, லேசர் கட்டிங்குக்கான டி.எக்ஸ்.எஃப்.-ஐ மீதிப் பணம் வந்ததும் அனுப்புவேன்; யாரும் மனம் கோணவில்லை, முதலிலேயே சொல்லிவிட்டால் போதும். திருத்தமும் இங்கே வேறு மாதிரி. காற்றாலைக்காரர்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை காற்றுக் காலம், அப்போது ஒரு மெஷின் நின்றால் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம், ராத்திரி பன்னிரண்டுக்கும் கூப்பிடுவார்கள். குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் அந்த 61 நாளில்தான் பழுது பார்க்க ஏறும். பள்ளிக்கூடம் திறந்து யூனிஃபார்ம், புத்தகம் என்று நாம் அலைகிற ஜூனில்தான் அவர்களுக்கும் அவசரம். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்தால் சமாளிக்கலாம், நான் ஒரு சீசன் அடிபட்ட பிறகுதான் காலண்டரில் குறித்தேன். மனைவியின் நிலையான சம்பளம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஒன்றே கால் வருஷம் நடந்திருக்காது. அதை மறைத்துவிட்டு ஊரில் வந்து சொந்தமாக ஆரம்பியுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

2022 ஜூனில் இருந்து இப்போது பார்க்கிற வேலை. கோயம்புத்தூரில் கன்வேயர் செய்கிற ஒரு நடுத்தரக் கம்பெனி, நான் ஒப்பந்தத்தில். வீட்டிலிருந்துதான். காலை 6.30 முதல் 2.30 வரை. மாதத்தில் ஒருமுறை ராத்திரி ரயிலில் போய் இரண்டு நாள் ஷாப்பில் நிற்கிறேன். 32,000 ரூபாய், டி.டி.எஸ். (வருமான வரி) பிடித்துக்கொண்டுதான் வரும். பி.எஃப். கிடையாது, மருத்துவக் காப்பீடு நானே எடுத்திருக்கிறேன். 2018-இல் கோயம்புத்தூரில் வாங்கியது 38,000. ஆறாயிரம் குறைவு, வருஷம் நாலு கழிந்த பிறகு. ஆனால் அங்கே அறை வாடகை, ஹோட்டல் சாப்பாடு, மாதம் இரண்டு ரயில் என்று 13,000 வரை போகும்.

இந்த வேலையை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அவர்களோடு மூன்று இடத்தில் பேசிக்கொண்டிருந்தேன். மூன்று பேரிடமும், உங்கள் டிராயிங் ஸ்டைல் தெரிய வேண்டும், பழைய முடிந்த ஆர்டர் ஒன்றின் ஷீட்டைத் திரையில் காட்டுங்கள் என்று கேட்டேன். யாரும் மறுக்கவில்லை. நான் பார்த்தது படத்தை இல்லை, மேல் மூலையில் இருக்கிற ரிவிஷன் கட்டத்தை, அதாவது ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு குறிக்கிற இடத்தை. ஒரு இடத்தில் ஒரே வாரத்தில் ஏழு ரிவிஷன், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமைத் தேதி. இன்னொரு இடத்தில் ரிவிஷன் கட்டமே காலி, ஆனால் "இது கடைசி டிராயிங் இல்லை சார், அப்புறம் வாட்ஸ்அப்பில் கொஞ்சம் மாறிச்சு" என்றார்கள். அது ஏழு ரிவிஷனை விட மோசம், எது சரியான டிராயிங் என்று யாருக்குமே தெரியாத இடம். மூன்றாவது இவர்கள். மூன்று மாதத்தில் இரண்டு ரிவிஷன், என்ன மாறியது என்று ஒரு வரி, யார் சொன்னது என்று சுருக்கெழுத்து. அந்தக் கட்டத்தைப் பார்த்தபோதே பாதி முடிவு பண்ணிவிட்டேன். சம்பளம் மூன்றில் இதுதான் குறைவு.

அப்புறம் கேட்டது: யார் செக் பண்ணுவார், அவர் எத்தனை மணிக்கு உட்காருவார், டிசைன் பண்ணுகிறவரே செக்கரா, வேறு ஆளா. ஷாப் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும். ஆறு மணி ஷிஃப்ட் என்றால் சந்தேகம் கேட்டு போன் ஆறு மணிக்கே வரும், அப்போது நாமும் ஆறரைக்கு உட்காருவதுதான் நல்லது, ஒன்பதுக்கு உட்கார்ந்தால் காலை உணவு நேரம் முழுக்க போன்தான். பொருள் அவர்களுடைய சொந்தத் தயாரிப்பா, ஒவ்வொரு முறையும் புதிதா என்பதும் முக்கியம். கன்வேயரில் நீளம், அகலம், டிரைவ் (மெஷினை ஓட்டும் பகுதி) எந்தப் பக்கம் என்று மாறும், அடிப்படை ஒன்றுதான். ஒருமுறை மாடலை அளவுகளோடு இணைத்துச் சரியாகக் கட்டிவிட்டால் எண்களை மாற்றினால் பெரும்பகுதி தானே மாறும். முழுக்கப் புது மெஷின் செய்கிற இடத்தில் வேலை சுவாரசியமாக இருக்கும், கற்றுக்கொள்ளலாம், ஆனால் திருத்தம் நிற்கவே நிற்காது. இருபத்தைந்து வயதில் அங்கே போங்கள், கட்டாயம் போங்கள்.

மென்பொருள் லைசென்ஸ் கம்பெனியுடையதாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டேன். திருட்டு மென்பொருளில் வாடிக்கையாளர் வேலை பார்க்காதீர்கள், பிடிபட்டால் கம்பெனிக்கும் நமக்கும் சேர்த்துத்தான் சிக்கல். உள்ளூர் வேலைக்கு லைசென்ஸ் வாங்கக் காசு இல்லையென்றால் ஃப்ரீகேட் என்கிற இலவச மென்பொருள் இருக்கிறது, 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது, சின்னப் பாகங்களுக்குத் தாராளமாகப் போதும்.

சேர்ந்த முதல் வாரத்தில் ஷாப்பிடம் ஒன்று கேட்டேன். அவர்கள் உபயோகிக்கிற ஒவ்வொரு தடிமனிலும் சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நடுவில் 90 டிகிரி வளைத்து, வளைவின் இரண்டு பக்கத்து வெளி அளவையும் எடுத்து அனுப்புங்கள் என்று. 2 மி.மீ. தகட்டில் இரண்டு பக்கமும் 51.8 வந்தது. கூட்டினால் 103.6. அந்த 3.6-தான் அந்த மெஷினில், அந்த வளைக்கும் அச்சில், ஒரு வளைவுக்குக் கழிக்க வேண்டியது. மென்பொருளில் ஏற்கெனவே இருந்த எண்ணோடு அது ஒத்துப்போகவில்லை. நாலு வளைவு இருக்கிற ஒரு கவரில் இந்த வித்தியாசம் சேர்ந்துபோய்த் துளை துளையோடு சேராமல் நின்றிருக்கும், போன் வந்திருக்கும், திருத்தம் வந்திருக்கும். எல்லாத் தடிமனுக்கும் பெண்ட் டேபிளை, அதாவது மென்பொருளில் இந்தக் கழிவு எண்கள் இருக்கிற அட்டவணையை, மாற்றிய பிறகு மத்தியானப் போன்கள் பாதிக்கு மேல் நின்றுவிட்டன. தூரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு இந்த மாதிரி வேலைதான் ஓய்வு நேரத்தைச் சம்பாதித்துக் கொடுக்கிறது. முதல் மாதம் இதற்குத் தனியாக நேரம் கேளுங்கள், தருவார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஒரு தென்னை ஓலை விழுந்தாலும் கரண்ட் போய்விடும். இன்வெர்ட்டர் வாங்கும்போது கம்ப்யூட்டரோடு மோடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், நான் மோடத்தை மறந்து முதல் மழையில் மாட்டிக்கொண்டேன். தகரத்துக்குப் பதில் சாய்ப்புக்கு மறுபடி ஓடு போட்டுவிட்டேன். கதவு சாத்துவதில்லை. 2.30-க்கு மேல் அந்த மேஜையில் நான் உட்கார்வதில்லை என்று மகளுக்கும் தெரியும், அதைக் காவல் காப்பதும் அவள்தான்.

மார்த்தாண்டத்துத் தங்கைக்கு ஒன்று. நீ வேலையை விட்ட பிறகுதான் என்னிடம் பேசினாய், ஆனால் உன் தோழிகளுக்குச் சொல். 2017-இல் சட்டத்தைத் திருத்தியபோது பேறுகால விடுப்பு 26 வாரம் ஆனது எல்லாருக்கும் தெரியும். விடுப்பு முடிந்த பிறகு, வேலை அப்படிப்பட்டதாக இருந்தால், கம்பெனியோடு பேசி வீட்டிலிருந்து பார்க்கவும் அதில் இடம் வைத்தார்கள். டிராஃப்டிங் அப்படிப்பட்ட வேலைதான். கம்பெனி ஒத்துக்கொண்டால்தான் நடக்கும், ஆனால் எழுதிக் கேட்காமலே ராஜினாமா கொடுத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். நீ இப்போது திரும்பப் போவதற்கு: பழைய கம்பெனி டிராயிங்கை யாருக்கும் காட்டாதே, அது உன்னுடையது இல்லை, காட்டினால் நாளைக்கு எங்களுடையதையும் இப்படித்தான் காட்டுவாய் என்றுதான் நினைப்பார்கள். உங்கள் தோட்டத்தில் ரப்பர் ரோலர் இருக்கிறது என்றாயே. அதைக் கழற்றி, அளந்து, பாகம் பாகமாக மாடல் பண்ணி, அசெம்பிளி ஒன்று, டீடெயில் நாலு, பொருள் பட்டியலோடு போடு. ஏன் இந்த டாலரன்ஸ் கொடுத்தாய் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தால் ஒன்றரை வருஷ இடைவெளியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். குழந்தை தூங்குகிற நேரத்தில் செய்தால் ஒரு மாதம் ஆகும், ஆகட்டும்.

ஓசூர்த் தம்பிக்கு: பேப்பர் போடுவதற்கு முன்னால் ஆறு மாதச் செலவைத் தனிக் கணக்கில் வை. வீட்டில் அவளிடம் உட்கார்ந்து பேசு, எந்த நேரத்தில் நீ கட்டாயம் வேண்டும் என்று அவளையே சொல்லச் சொல். நான் நினைத்தது வேறு, என் மனைவி சொன்னது வேறு. நான் சாயங்காலம் முழுக்க வீட்டில் இருக்க வேண்டும் என்று அவள் எதிர்பார்ப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் கேட்டது இரண்டே இரண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து மகள் வரும்போது யாராவது வாசலில் இருக்க வேண்டும். நைட் டூட்டி முடிந்து வருகிற காலையில் அரை மணி நேரம் யாரோடாவது பேசிக்கொண்டு சாயா குடிக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு ஏற்ற மாதிரிதான் நான் நேரம் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு மாதமும் அவள் ரோஸ்டர் வந்ததும் செக்கருக்கு எழுதி அனுப்பிவிடுவேன், இந்த இந்தத் தேதியில் எட்டேகால் முதல் எட்டே முக்கால் வரை நான் இருக்க மாட்டேன் என்று. இந்த மாதம் அப்படி ஒன்பது நாள். ஒருமுறைகூட ஏன் என்று அவர் கேட்டதில்லை.

இதை எழுத ஆரம்பித்தபோது மூன்றே முக்கால், மகள் இப்போதுதான் வந்து பையைப் போட்டாள். அம்மா மரச்சீனி அவித்து வைத்திருக்கிறாள். போனில் ஒரு மெயில் வந்து நிற்கிறது, 12 மீட்டர் கன்வேயர், டிரைவை வலப்பக்கத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பை மட்டும் பார்த்தேன். காலை ஆறரைக்குத் திறக்கிறேன்.